புறவாசல்

சில மாதங்களுக்கு முன் ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். நல்ல கடிதம். என் நாவல் ஒன்றை இரண்டு முறை படித்ததாகவும், அதில் வரும் வீடு தாம் பிறந்து வளர்ந்த வீட்டைப் போலவே இருப்பதாகவும் எழுதியிருந்தார். திண்ணை, தார்சா, பட்டாசல், அடுக்களை, கிணறு, தொழு எல்லாம் அப்படியே கண்முன் வந்து நிற்கின்றனவாம். இம்மாதிரிக் கடிதங்களைப் படிக்கும்போது எழுத்தாளனுக்கு உள்ளூர ஒரு சுகம் ஏற்படத்தான் செய்யும். அந்தச் சுகத்தோடு கடைசிப் பாராவுக்கு வந்தேன். "உங்கள் நாவலில் நான்கு தலைமுறை மனிதர்கள் வயிறாரச் சாப்பிடுகிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் பந்திதான். ரொம்ப சந்தோஷம். அந்த வீட்டின் புறவாசலுக்குத் தினமும் காலையில் யார் வந்தார்கள் என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லையே, ஏன்?" என்று கேட்டிருந்தார்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்சம் கோபமும் வந்தது. நாவல் என்ன, நகரசபைச் சுகாதார இலாகாவின் பதிவேடா, எல்லாவற்றையும் எழுதி வைக்க என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அன்று இரவு நான் எழுதிய நாவல்களையெல்லாம் அலமாரியிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு புரட்டினேன். என் பாத்திரங்கள் சாப்பிடுகிறார்கள், குளிக்கிறார்கள், வெற்றிலை போடுகிறார்கள், காய்ச்சலில் படுக்கிறார்கள், செத்தும் போகிறார்கள். இருபது வருஷ எழுத்தில் ஒருவர்கூட ஒரு தடவையாவது புறவாசல் பக்கம் ஒதுங்கியதில்லை. ஒதுங்கியிருந்தால் அல்லவா அதை எடுத்துப்போக ஓர் ஆள் வந்திருக்க வேண்டும்!

தெரியாமல் விட்டுப்போன விஷயம் என்றால் மன்னித்துவிடலாம். எனக்குத் தெரியும். திருநெல்வேலிச் சீமையில் ஒரு சின்ன ஊரில் என் தாத்தா வீடு. 1986, 87 வாக்கில், எனக்கு ஏழெட்டு வயசாக இருந்தபோது, அந்தத் தெருவில் பாதி வீடுகளில் எடுப்புக் கக்கூஸ்தான். மாட்டுத் தொழுவையும் தாண்டி, வீட்டின் கடைக்கோடியில், நாலு சுவரும் ஒரு கதவும். உட்காருகிற இடத்தில் இரண்டு கல். கீழே பள்ளத்தில் ஒரு தகரத் தொட்டி. பின்சுவரில், தரையோடு தரையாக, இரண்டடி உயரத்தில் ஒரு தகரக் கதவு. அது பின்புறத்துச் சந்தில் திறக்கும். அந்தச் சந்து வழியாகத்தான் அவள் வருவாள். தொட்டியை இழுத்து, வழித்து, வாளியில் தட்டி, சாம்பல் தூவி, கதவை மூடிவிட்டுப் போவாள். அந்தக் கதவு மூடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் ஆச்சி காப்பிக்கு அடுப்புப் பற்றவைப்பாள். எங்கள் வீட்டுக்குக் கடிகாரம் அவள்தான்.

ஒரு மழைக்காலத்தில் நாலு நாள் அவள் வரவில்லை. வீடே நிலைகுலைந்து போயிற்று. தாத்தா யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தார். "அந்தச் சவத்தை நாலு நாளாக் காணலியே, என்னன்னு போய்ப் பாத்துட்டு வாலே" என்று ஆச்சி என் மாமாவை விரட்டினாள். மாமா போய்ப் பார்த்தாரா என்று எனக்கு நினைவில்லை. ஐந்தாம் நாள் அவள் வந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. கூட என் வயசுச் சிறுமி ஒருத்தி. அவள் சந்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். சிறுமி குனிந்து தொட்டியை இழுத்தாள். நான் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிறுமியும் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு வேலையைக் கவனித்தாள்.

எங்கள் பசுவின் பெயர் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. தயிர்க்காரியின் பெயர், வண்ணான் துறைக்குப் போகும் கழுதைக்கு நாங்கள் வைத்த பெயர், எல்லாம் நினைவிருக்கிறது. அவள் பெயர் தெரியாது. அந்தச் சிறுமியின் பெயரும் தெரியாது. தாத்தா வீட்டைப் பற்றி நான் எழுதிய நாவலில் பசு வருகிறது, கழுதையும் வருகிறது.

இந்த வெட்கத்தோடுதான் 'தோட்டியின் மகன்' நாவலை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். என் கதையை முன்னால் சொன்னதற்குக் காரணம், நான் எந்த இடத்திலிருந்து அதைப் படித்தேன் என்பது வாசகர்களுக்குத் தெரியவேண்டும் என்பதுதான்.

தகழி சிவசங்கரப் பிள்ளை 1912-ல் குட்டநாட்டில் பிறந்தவர். அம்பலப்புழைக் கோர்ட்டில் வக்கீலாக இருந்தவர். நம் ஊரில் அவர் பெயரைச் சொன்னவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 1956-ல் வந்த 'செம்மீன்'. அதற்கு ஒன்பது வருஷம் முன்னால், 1947-ல், அவர் எழுதியது 'தோட்டியுடெ மகன்'. இரண்டையுமே தமிழில் கொண்டுவந்தவர் சுந்தர ராமசாமி. தோட்டியின் கதையை அவர் எழுத வந்த இளம் பருவத்திலேயே மொழிபெயர்த்துவிட்டார். ஆனால் 'செம்மீன்' 1962-லேயே தமிழில் புத்தகமாகிவிட்டது. 'தோட்டியின் மகன்' புத்தகமாக நம் கைக்குக் கிடைத்தது 2000-ல்தான். கடலும் காதலும் உடனே வந்து சேர்ந்துவிட்டன. மலவாளி வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று. பதிப்பாளர்களை நான் குறை சொல்லவில்லை. வாசகர்களாகிய நாம்தான் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு புறவாசலைச் சாத்தி வைத்திருந்தோம்.

இத்தனைக்கும் இந்த நாவல் நமக்கு அந்நியமானதே அல்ல. கதை நடப்பது ஆலப்புழையில். ஆனால் மனிதர்களின் பெயர்களைப் பாருங்கள். தாத்தா இசக்கிமுத்து. மகன் சுடலைமுத்து. இசக்கியும் சுடலையும் எந்த மண்ணின் தெய்வங்கள் என்பதைத் திருநெல்வேலிக்காரனுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டாம். திருவிதாங்கூர் நகரங்களின் மலத்தை அள்ளுவதற்கு மலையைத் தாண்டிப் போனவர்கள் நம் ஊர்க்காரர்கள். பிழைப்புக்காகக் கண்டிக்கும் பினாங்குக்கும் போனவர்களைப் பற்றி நாம் எழுதியிருக்கிறோம். பக்கத்து ஊருக்கு வாளியோடு போனவர்களைப் பற்றி எழுத ஒரு மலையாளி வேண்டியிருந்தது.

ஆலப்புழை எப்படிப்பட்ட ஊர் என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நாவல் இன்னும் நன்றாகப் புரியும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காயல், நடுவே மணல். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராஜா கேசவதாஸ் திவானாக இருந்து உண்டாக்கிய துறைமுகம். ஊருக்குள் வாய்க்கால்கள் வெட்டிப் படகுகளில் சரக்கு போயிற்று. 1859-ல் ஜேம்ஸ் டாரா என்ற வெள்ளைக்காரர் அங்கே கயிற்றுத் தொழிற்சாலை தொடங்கினார். பிறகு ஆலைகள் பெருகின, ஜனம் பெருகியது. ஜனம் பெருகினால் கழிவும் பெருகும். மணல் பூமியில் இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் கக்கூஸுக்கும் கிணற்றுக்கும் நடுவே இருப்பது வெறும் ஈர மணல்தான். வாந்திபேதி என்பது ஒருவன் வயிற்றிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர் வழியாக இன்னொருவன் வாய்க்குப் போய்ச் சேரும் நோய். லண்டனில் ஜான் ஸ்னோ என்ற டாக்டர் 1854-லேயே ஒரு தெருக் குழாயைக் காட்டி இதைச் சொல்லிவிட்டார். ஆகவே ஆலப்புழை போன்ற ஊரில் மலத்தைத் தினமும் அள்ளி ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கிடங்கில் போடாவிட்டால் ஊர் பிழைக்காது. ஊரின் உயிரைக் கையில் வைத்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் டாக்டர், மற்றவர் தோட்டி. டாக்டருக்கு ஊரில் பெயர் இருந்தது.

நாவல் தொடங்கும்போது இசக்கிமுத்து நோயில் கிடக்கிறான். வேலைக்குப் போக முடியவில்லை. ஆனால் வேலையை விடவும் முடியாது, விட்டால் அது வேறு ஒருவனுக்குப் போய்விடும். ஓவர்சீயரின் தயவைச் சம்பாதித்து, தன் இடத்தில் மகனை அனுப்புகிறான். மகன் வாளியை எடுத்துக்கொண்டு புறப்படுகிறான். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அந்த மழைக்காலத்துச் சந்து நினைவுக்கு வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஜாதித் தொழில்களிலெல்லாம் தகப்பன் மகனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் காட்சியில் ஒரு பெருமை இருக்கும். தச்சன் மகன் முதன்முதலாக உளி பிடிப்பதை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இங்கேயும் அதே காட்சிதான் நடக்கிறது. பெருமை மட்டும் இல்லை. தகழி அதை எந்தக் கூக்குரலும் இல்லாமல் எழுதிவிட்டுப் போகிறார். இசக்கிமுத்து செத்தபோது அவன் உடம்பு ஆழமாகப் புதைக்கப்படுவதில்லை. நாய்கள் தோண்டிவிடுகின்றன. அதையும் அதே குரலில்தான் சொல்கிறார்.

இந்த நாவலின் உயிர் சுடலைமுத்து என்ற பாத்திரத்தில் இருக்கிறது. ஏழையைப் பற்றி எழுத வந்தவர்கள் பெரும்பாலும் ஏழையை நல்லவனாக்கிவிடுவார்கள். சுடலைமுத்து நல்லவன் என்று சொல்வதற்கில்லை. அவனுக்கு ஒரே ஓர் ஆசை: தன் மகன் தோட்டியாகக் கூடாது. அந்த ஆசைக்காகப் பணம் சேர்க்கிறான், சக தொழிலாளிகளிடமிருந்து விலகிப் போகிறான். அவர்கள் சங்கம் கட்ட முயலும்போது சேர்மன் பக்கம் சாய்ந்து அவர்களைக் காட்டிக்கொடுக்கிறான். கூட நின்ற பிச்சாண்டியை நட்டாற்றில் விடுகிறான். பிள்ளை பிறந்ததும் மோகன் என்று பெயர் வைக்கிறான். இசக்கிக்கும் சுடலைக்கும் பிறகு மோகன்! ஊரே சிரிக்கிறது. பிள்ளையை அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு சேரவிடாமல் வளர்க்கிறான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் படாத பாடு படுகிறான்.

இதில் வியக்கவேண்டிய விஷயம் என்னவென்றால், இவன் செய்யும் ஒவ்வொரு துரோகத்துக்கும் காரணம் பிள்ளைப் பாசம். நாம் எல்லோரும் நம் பிள்ளைகளுக்காகச் செய்வதைத்தான் அவனும் செய்கிறான். நல்ல பெயர், நல்ல பள்ளிக்கூடம், நல்ல சகவாசம், கையில் நாலு காசு. நம் குடும்பக் கதைகளில் இவற்றைச் செய்கிற தகப்பனைத் தியாகி என்கிறோம். அதே காரியத்தைச் சுடலைமுத்து செய்யும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது. ஏனென்றால் அவன் ஏறிப் போகிற ஏணி இன்னும் நாலு பேர் முதுகின் மேல் சாத்தியிருக்கிறது என்பது நமக்குத் தெரிகிறது. நம் ஏணி எதன்மேல் சாத்தியிருந்தது என்பதை நாம் பார்த்ததில்லை. இந்த ஒரு காரியத்துக்காகவே தகழியைப் பெரிய நாவலாசிரியர் என்பேன். அவர் சுடலைமுத்துவைத் தண்டிக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. அவன் கணக்குப் போடும்போது கூடவே உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்.

அந்தக் கணக்கு எங்கே போய் முடிகிறது? சேர்த்த பணத்தையெல்லாம் அவன் சேர்மனிடமே கொடுத்து வைக்கிறான். வாளியை விட்டுவிட்டு மயானக் காவல் வேலைக்குப் போகிறான். மேலே ஏறிவிட்டதாக நினைக்கிறான். பிறகு வாந்திபேதி வருகிறது. அவனும் அவன் மனைவி வள்ளியும் போய்ச் சேர்கிறார்கள். பணம் சேர்மனோடு போகிறது. மகன் மோகன் வாளியைத் தூக்குகிறான்.

கதையை இப்படிச் சுருக்கிச் சொன்னால் விதியின் விளையாட்டு என்று தோன்றும். தகழி விதியை எழுதவில்லை. ஊரை எழுதுகிறார். பேதி எங்கிருந்து வந்தது? சுத்தம் செய்ய ஆள் போதவில்லை, சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கவில்லை, தோட்டிகளின் சேரிக்கு நல்ல தண்ணீர் இல்லை. ஊரின் கழிவை அப்புறப்படுத்துகிறவன் குடியிருக்கும் இடத்தில்தான் ஊரிலேயே அதிகமான கழிவு. அந்தக் காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானம் பொதுச் சுகாதாரத்தில் முன்னணியில் நின்றது. அம்மை குத்தும் இலாகா அங்கே 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1920-களின் இறுதியில் ராக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு சுகாதார ஆராய்ச்சிகள் நடந்தன. அவ்வளவு முன்னேற்றத்துக்கும் நடுவில், கடைசிக் கண்ணியாக நின்றவன் வெறுங்கையோடு நின்றான். ஒரு நகரசபையின் ஒழுங்கும் ஊழலும் எந்த இடத்தில் மனித உடம்பாக மாறுகின்றன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய நாவலை நான் படித்ததில்லை.

அதே 1947-ல்தான் பிரான்சில் ஆல்பெர் காம்யுவின் 'கொள்ளை நோய்' நாவலும் வெளிவந்தது. ஓரான் என்ற துறைமுக நகரத்தைப் பிளேக் பிடிக்கிறது. அதுவும் துறைமுகம், இதுவும் துறைமுகம். காம்யுவின் நாவல் மகத்தானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை நாம் டாக்டர் ரியூவின் கண்களால் பார்க்கிறோம். நோய் அங்கே ஒரு கேள்வியாக வருகிறது: மனிதன் துன்பத்தின் முன்னால் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? தகழியின் ஊரில் நோய் கேள்வியாக வருவதில்லை. வருஷா வருஷம் வருகிற விருந்தாளியாக வருகிறது. ஓரான் நகரம் நோய் போனதும் வாசல் திறந்து கொண்டாடுகிறது. ஆலப்புழைத் தோட்டி நோய் போன மறுநாளும் விடியற்காலையில் அதே சந்துக்குப் போக வேண்டும்.

குறைகளையும் சொல்லவேண்டும். வள்ளியின் மனசுக்குள் ஆசிரியர் போதுமான அளவுக்குப் போகவில்லை என்பது என் அபிப்பிராயம். மோகன் வளர்ந்த பிறகு வரும் பகுதி அவசரம் அவசரமாக ஓடுகிறது. சேர்மன் வீட்டுக்கு அவன் தீ வைப்பதும், ஊர்வலத்துக்கு முன்னால் நடந்து துப்பாக்கிக் குண்டுக்குப் பலியாவதும் நடக்கக்கூடியவைதான். ஆலப்புழைப் பக்கத்தில் 1946-ல் புன்னப்புரையிலும் வயலாரிலும் துப்பாக்கி முழங்கியதை நேரில் அறிந்த தலைமுறை அது. ஆனால் தகப்பனுக்குக் கொடுத்த நேரத்தை ஆசிரியர் மகனுக்குக் கொடுக்கவில்லை. சுடலைமுத்து எனக்குத் தெரிந்த மனிதன். மோகன் ஒரு கொடி. கொடி உயரப் பறக்கிறது, வாஸ்தவம். ஆனாலும் கொடிக்கு முகம் கிடையாது. அன்றைய முற்போக்கு எழுத்துக்கே உரிய அவசரம் இது. முடிவு தெரிந்துவிட்டால் வழியில் உட்கார்ந்து பேச மனம் வருவதில்லை.

என் நண்பர் ஒருவர், நல்ல ரசிகர், இந்த நாவலைப் படிக்கக் கொடுத்தபோது இருபது பக்கத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதெல்லாம் உண்மைதான் ஸார், ஆனால் இலக்கியத்துக்கு இது வேண்டுமா? படிக்கிறபோதே குமட்டுகிறது" என்றார். இந்த ஆட்சேபத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். என் நாவல்களில் புறவாசல் இல்லாமல் போனதற்கும் இதுதானே காரணம்? ஆனால் நம் இலக்கணம் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தைரியமானது. தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் இளிவரல் ஒன்று. அது எதனால் பிறக்கும் என்பதற்கு அவர் சொல்லும் காரணங்களில் மூப்பும் பிணியும் வருத்தமும் இருக்கின்றன. அழுக்கு இல்லை! மனிதன் தாழ்ந்துபோகிற நிலைகளைப் பார்த்து உண்டாகும் உணர்ச்சியைத்தான் இளிவரல் என்று நம் முன்னோர் கண்டார்கள். என் நண்பருக்குக் குமட்டியது வாளியைப் பார்த்து. தகழி அவரைப் பார்க்கச் சொன்னது வாளியைத் தூக்குகிறவனை. இருபதாம் பக்கத்தைத் தாண்டியிருந்தால் அவருக்கும் அது விளங்கியிருக்கும்.

இங்கே இன்னொரு நாவலையும் சொல்லாமல் இருக்க முடியாது. முல்க்ராஜ் ஆனந்த் ஆங்கிலத்தில் எழுதிய 'தீண்டத்தகாதவன்' 1935-ல் வெளிவந்தது. பாக்கா என்ற இளைஞனின் ஒரே ஒரு நாள் அதன் கதை. அவமானத்தின் ருசி என்ன என்பதைத் தனி மனிதன் நாக்கில் வைத்துக் காட்டியதில் ஆனந்த் தகழியைவிட ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன். அந்த நாளின் முடிவில் பாக்காவின் முன்னால் மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன. ஒன்று பாதிரியாரின் வழி, ஒன்று காந்தியடிகளின் வழி, மற்றது தண்ணீர் விட்டு மலத்தை அடித்துச் செல்லும் புதிய கக்கூஸ். யந்திரம் வந்துவிட்டால் இந்தத் தொழிலே இருக்காது, தொழில் போனால் இழிவும் போய்விடும் என்பது மூன்றாவது வழி. படிக்கிறபோது அதுவே கெட்டிக்காரத்தனமான வழியாகத் தோன்றும்.

என்ன நடந்தது? 1949-ல் பம்பாய் சர்க்கார் பர்வே என்பவர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. மத்திய சர்க்கார் 1957-ல் மல்கானி தலைமையில் ஒரு கமிட்டி அமைத்து, 1960-ல் அறிக்கை பெற்றது. தலைச்சுமை வேண்டாம், தள்ளுவண்டி கொடுங்கள் என்று சொன்னார்கள். எடுப்புக் கக்கூஸையும் மனிதன் கையால் மலம் அள்ளுவதையும் தடைசெய்யும் சட்டம் வந்தது 1993-ல். தாத்தா வீட்டுச் சந்தை நான் பார்த்துக்கொண்டு நின்றபோது அப்படி ஒரு சட்டமே கிடையாது. பிறகு 2013-ல் இன்னும் விரிவான சட்டம். சாக்கடையில் இறங்கிச் செத்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2023-ல் அதே கோர்ட் அந்தத் தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டியிருந்தது என்பதிலிருந்தே சாவு நிற்கவில்லை என்று தெரிகிறது அல்லவா?

யந்திரம் வந்தது. தண்ணீர் வந்தது. நம் வீட்டிலிருந்து மலம் ஒரு நொடியில் மறைந்துபோகிறது. மறைந்தது எங்கே போயிற்று? செப்டிக் டாங்கிலும் பாதாளச் சாக்கடையிலும் போய்த் தங்கி, அங்கே விஷவாயுவாகிக் காத்திருக்கிறது. முன்பு சந்தில் வந்தவனை இப்போது மூடியைத் திறந்து குழிக்குள் இறக்குகிறோம். வாளி தூக்கியவனுக்குப் பேதி வந்தது, நாலு நாள் அவகாசமாவது கிடைத்தது. குழியில் இறங்குகிறவனுக்கு நாலு மூச்சு அவகாசம்கூட இல்லை. இரட்டைக் குழிக் கக்கூஸ் என்று ஒன்று உண்டு. ஒரு குழி நிறைந்தால் மற்றதற்குத் திருப்பிவிட்டு, ஒன்றிரண்டு வருஷம் மூடி வைத்தால் உள்ளே இருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். பெரிய யந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. வழி தெரியாமல் நாம் நின்றுவிடவில்லை. குழிக்குள் இறக்க இன்னும் ஆள் கிடைத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். இதைத்தான் தகழி 1947-லேயே எழுதினார். ஆனந்த் கக்கூஸைப் பார்த்தார். தகழி ஓவர்சீயரைப் பார்த்தார், சேர்மனைப் பார்த்தார், ஆள் எடுக்கும் முறையைப் பார்த்தார். கக்கூஸ் மாறிவிட்டது. ஆள் எடுக்கும் முறை மாறவில்லை. எழுபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு எந்த நாவல் பழசாகவில்லை என்பதை இதைக்கொண்டு வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

தமிழில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. குமரி மண்ணிலிருந்து மலர்வதி எழுதிய 'தூப்புக்காரி' 2012-ல் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் விருது பெற்றது. அதில் நடை சில இடங்களில் தடுக்குகிறது, உணர்ச்சி சில இடங்களில் வழிகிறது. ஆனாலும் அது வெளியே நின்று பார்த்து எழுதியதல்ல. சந்தில் நின்றுகொண்டு வீட்டைப் பார்க்கும் பார்வை தமிழுக்கு இப்போதுதான் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. என்னைப் போன்றவர்கள் கிணற்றடியில் நின்று எழுதக்கூடியது வேறு. அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்தச் சிறுமி என்னை நிமிர்ந்து பார்த்தபோது என்ன நினைத்தாள் என்பதை எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற பையன் என்ன நினைத்தான் என்பதை எழுதுவது என் கடமை. அவன் ஒன்றும் நினைக்கவில்லை. காப்பி எப்போது வரும் என்று நினைத்தான்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது மாமாவைக் கேட்டேன். அவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது.

"மாமா, நம்ம வீட்டுக்குப் பின்னால சந்துல ஒருத்தி வருவாளே, அவ பேரு என்ன?"

"எவ?"

"காலையில வருவாளே, கக்கூஸுக்கு."

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "பேரா? தோட்டிச்சின்னுதான் சொல்லுவோம். பேரைக் கேட்டு இப்ப என்னடே செய்யப்போற?" என்றார்.

புறவாசலுக்குப் போய்ப் பார்த்தேன். சந்து அப்படியே இருக்கிறது. தகரக் கதவு இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்பு அடித்தும்கூட அந்த இரண்டடிச் சதுரம் மட்டும் தனியாகத் தெரிகிறது.

அந்த வாசகிக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. இந்தக் கட்டுரையையே பதிலாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். கூடவே 'தோட்டியின் மகன்' பிரதி ஒன்றையும் அவருக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.